இருக்கலாம் என்றொரு நோய்

அந்தக் குளிர்காலத்தில் எனக்கும் என் மகளுக்கும் ஒரே நேரத்தில் மாதவிடாய் நின்றிருந்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. காலம் வந்து தானாக நின்றது. அவளுக்கு இருபத்திரண்டு, மருந்துக் குளிசை கொடுத்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பாரிஸில், லா ஷப்பலில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு குசினியும் கொண்டது. மெத்ரோ ரயில் அந்தப் பகுதியில் நிலத்துக்கு மேலே பாலத்தில் ஓடும். எங்கள் யன்னலும் ரயிலின் யன்னலும் ஏறக்குறைய ஒரே உயரம். கட்டடத்து ஹீற்றரைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. எனக்கு வெக்கை வந்தால் எழும்பி யன்னலைத் திறப்பேன். உடல் ஆறியதும் மூடிவிட்டு வந்து உட்காருவேன். உடனே அவள் எழும்பிப் போய்த் திறப்பாள். எங்கள் இருவருக்கும் ஒருநாளாவது ஒன்றாக வந்தது கிடையாது.

என் கணவர் வீட்டுக்குள் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர். இங்கே உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். வெளியே பனி கொட்ட, உள்ளே தாயும் மகளும் விளம்பரத் தாளால் விசிறிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு மனிதர் தொப்பியோடு சோறு குழைக்கிறார். ரயிலில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருநாள் ஒரு கிழவர் கையசைத்தார். இவர் தொப்பியைக் கழற்றிப் பதில் மரியாதை செய்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

எல்லாம் மகளின் சூலகத்தில் வந்த ஒரு கட்டியால் தொடங்கியது. இங்கே வைத்தியர்கள் கட்டிகளைப் பழங்களால் அளக்கிறார்கள். முதலில் எலுமிச்சம்பழம் என்றார்கள், அடுத்த முறை மண்டரின், வெட்டுகிற நாளில் தோடம்பழம். நல்லவேளை, அதற்குமேல் விடாமல் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை என்றார்கள். நான் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே முழந்தாளிட்டேன்.

ஆனால் வெட்டிய வைத்தியர் உள்ளே வேறு சில புள்ளிகளையும் கண்டாராம். கருப்பைக்குள் இருக்கவேண்டிய மெல்லிய படலம் வெளியே போய் அங்கங்கே ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயே இரத்தம் கசிகிற நோய் ஒன்று உண்டு, எந்தோமெத்ரியோஸ் என்று பெயர், அதுவாக இருக்கலாம் என்றார். பரிசோதனைக்கூடமோ அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று பதில் அனுப்பியது. கட்டி போன பிறகும் மகளுக்கு வயிற்று நோ போகவில்லை. மாதத்தில் சில நாட்கள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

எங்கள் சமயத்தில் தொண்டைக்கு ஒரு புனிதர், கண்ணுக்கு ஒரு புனிதர், தொலைந்த பொருளுக்கு ஒரு புனிதர் உண்டு. 'இருக்கலாம்' என்பதற்கு ஒருவரும் இல்லை. நான் எல்லாருக்கும் பொதுவாக மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஆறு மாதம் குளிசை போட்டுப் பார்ப்போம் என்றார் வைத்தியர். எங்கள் வீட்டில் சரளமாகப் பிரெஞ்சு பேசுகிறவள் மகள் மட்டுமே. ஆகவே நோயாளியே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தாள்.

"அப்ப குளிசைக்கு நோ நிண்டால் அந்த வருத்தம். நிக்காட்டில் அந்த வருத்தம் இல்லை. அப்பிடித்தானே? கேள் பிள்ளை," என்றார் இவர்.

அவள் கேட்டாள். "நிக்காட்டிலும் அந்த வருத்தமாய் இருக்கலாமாம், அப்பா. சில பேருக்கு நிக்காதாம்."

"நிண்டால்?"

"நிண்டாலும் வேறை ஏதாவதாய் இருக்கலாமாம்."

இவர் சிறிது நேரம் வைத்தியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறான விடை எழுதிய மாணவனைப் பார்க்கிற அதே பார்வை.

நாங்கள் எழும்பும் நேரத்தில் வைத்தியர் இன்னும் ஏதோ சொன்னார். மகள் மொழிபெயர்க்காமல் பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"என்னவாம்? மரியாஜ் எண்டு கேட்டுது?" என்றார் இவர்.

"அது… தன்ரை மகளுக்குக் கலியாணமாம்."

"பெபே எண்டும் சொன்னார்?"

"அவசரக் கலியாணம் போல," என்றாள்.

இவர் திரும்பிப் போய் வைத்தியரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வாழ்த்துச் சொன்னார். வைத்தியர் குழம்பினாலும் மரியாதைக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இவர், வைத்தியர் சொன்னதன் பின்பாதியைக் கைவிட்டுவிட்டார். நோ நின்றால் நோய், நிற்காவிட்டால் நோயில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். மனிதர் எதையாவது பிடித்துக்கொண்டுதானே நிற்கவேண்டும்.

குளிசை வேலை செய்யத் தொடங்கியது. நோ குறைந்தது போலிருந்தது. வெக்கை வந்தது, முகத்தில் பரு வந்தது, மகளின் குரல் கனத்துப்போனது. தொலைபேசியை அவள் எடுத்தால், "தம்பி, அப்பா நிக்கிறாரோ?" என்று கேட்டார்கள். அவளும் "நிக்கிறார்" என்று கொடுத்துவிடுவாள். திருத்தப் போனால் முழுக்கதையும் சொல்லவேண்டும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் மறுபடி வைத்தியரிடம் போனோம். இவர் ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மகள் தடுக்குமுன், கலியாணம் நல்லபடி நடந்ததா, குழந்தை எப்போது என்று விசாரித்தார்.

தனக்கு மகளே இல்லை என்றார் வைத்தியர். கலியாணமும் ஆகவில்லையாம்.

மகள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு விஷயம் வெளிவந்தது. வைத்தியர் தன் யோசனையைக் குழந்தைப்பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக, கைகளால் பெருவயிறு காட்டித் திரும்பச் சொன்னார். இந்த நோய்க்குக் கர்ப்பம் நல்ல மருந்து. ஆகவே மகள் நேரத்தோடு கலியாணம் செய்வது நல்லது. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: இந்த நோய் உள்ளவர்களுக்குக் கர்ப்பம் தங்குவது கடினம்.

"விசாக் கார்த் மாதிரித்தான்," என்றார் இவர், படியிறங்கும்போது. "வேலையைக் காட்டினால் கார்த் தருவம் எண்டுவாங்கள். கார்த்தைக் காட்டினால் வேலை தருவம் எண்டுவாங்கள்." ஆனால் முகம் மலர்ந்திருந்தது. ஊரில் மாமிமார் எதற்கெடுத்தாலும் சொல்லுகிற வைத்தியத்தை இங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரே சொல்லிவிட்டாரே!

அன்றே மாப்பிள்ளை தேடத் தொடங்கினார்.

"எனக்கு என்ன வருத்தமெண்டு தெரியாமல் நான் ஒருத்தரையும் கட்டமாட்டன்," என்றாள் மகள், அந்தக் கனத்த குரலில்.

"கட்டினால்தானே பிள்ளை தெரியவரும்."

"அப்பா, பரிசோதனைக்கு ஒரு ஆளைக் கட்டுறதோ?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மாதமும் அவளுக்குள் ஏதோ கதவு மூடிக்கொண்டு வருகிறது என்ற பயம் என்னைப் பிடித்திருந்தது. பேரப்பிள்ளை ஆசை அல்ல அது. நாளைக்கு அவள் ஒரு பிள்ளை வேண்டுமென்று நினைக்கிற நேரத்தில், "அப்ப ஏன் சும்மா இருந்தனீங்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தேன்.

புறநகர் கூசேன்வில்லிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து தாயும் மகனுமாக வந்தார்கள். தாய் கோட்டைக் கழற்றினார், திறந்திருந்த யன்னலைப் பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஹீற்றர் பழுதோ, தங்கச்சி?"

"இல்லை அக்கா, நல்லா வேலை செய்யுது."

அவர் என் நெற்றியில் வழிந்த வேர்வையைப் பார்த்தார். பிறகு ஓவர்கோட்டில் இருந்த இவரைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு போனது.

"போனிலை கதைச்ச தம்பி எங்கை?"

"அது நான்தான் மாமி," என்றாள் மகள். தாயின் கையில் தேத்தண்ணிக் கோப்பை பாதிவழியில் நின்றது.

நான் இவரைக் கண்ணால் எச்சரித்தேன். பயனில்லை. ஒளித்துக் கலியாணம் செய்யக்கூடாது என்பது இவருடைய கொள்கை. கட்டி, புள்ளிகள், பரிசோதனைக்கூடம், குளிசை, கர்ப்பம் என்று ஒழுங்காக, வகுப்பில் விளக்குவது போல விளக்கினார்.

"அப்ப வருத்தம் இருக்கோ இல்லையோ, மாஸ்டர்?" என்று கேட்டார் தாய்.

"இருக்கலாம்."

"பிள்ளை பிறக்குமோ?"

"பிறக்கலாம். பிறந்தால் வருத்தம் மாறலாம்."

அதுவரை வாய் திறக்காத பையன் கேட்டான்: "அப்ப நான் குளிசையோ, மாஸ்டர்?"

"ஓம். சாப்பாட்டுக்குப் பிறகு," என்றாள் என் மகள்.

அவன் சிரித்துவிட்டான். "பக்கவிளைவு ஏதும் உண்டோ?"

"பாவிச்சுப் பாத்தால்தான் தெரியும்."

அவளும் சிரித்தாள். மாதக்கணக்கில் நான் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே வயிற்றில் கை வைத்தாள். முகம் வெளிறியது. முழங்கால் மடிந்து, மேசையோரமாக நிலத்தில் சரிந்தாள். குளிசை தொடங்கிய பிறகு இப்படி வந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

இவர் துள்ளி எழுந்தார். "குளிசை போடேக்கையும் நோகுது! அப்ப அது இல்லை! இஞ்சாரும், அந்த வருத்தம் இல்லையெண்டு தெரிஞ்சுபோச்சு!"

அவருடைய முகம் பிரகாசமாக இருந்தது.

பையனின் தாய் நிலத்தில் உட்கார்ந்து மகளின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "என்ன மாஸ்டர் நீங்கள்? பிள்ளை புழு மாதிரித் துடிக்குது. நீங்கள் விடை வந்திட்டுது எண்டு குதிக்கிறியள்."

"அப்பா," என்றாள் மகள். "நோகுது."

இவர் நின்ற இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்தார். நோ அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பையன் தண்ணீர் கொண்டுவந்தான். போகும்போது தாய் வாசலில் என் கையைப் பிடித்து, "முதலிலை பிள்ளையைப் பாருங்கோ தங்கச்சி. கலியாணம் கிடக்கட்டும்," என்றார். அவர்கள் மறுபடி வரவில்லை. நாங்களும் கேட்டு அனுப்பவில்லை.

அந்த நோய்க்கு இன்றுவரை உறுதியான பெயர் கிடைக்கவில்லை. பிறகு பார்த்த வைத்தியர் ஒருவர் அதுதான் என்றார், இன்னொருவர் குடல் நோய் என்றார். நாங்கள் பழகிக்கொண்டோம் என்று சொல்லமாட்டேன்.

அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரமே பழைய வைத்தியரிடம் போனோம். அவர் குளிசையைக் கூட்டலாம் என்றார், குழாய் விட்டு இன்னொருமுறை உள்ளே பார்க்கலாம் என்றார், பார்த்தாலும் தெரியாமல் போகலாம் என்றார். இந்தமுறை மகள் ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தாள். கடைசியாக வைத்தியர் என் கணவரைப் பார்த்து, கலியாணம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார்.

மகள் வாயைத் திறந்தாள். இவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"மரியாஜ், நோன்," என்றார் வைத்தியரிடம். பிறகு தன் உடைந்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "என் மகளுக்கு நோகிறது. மிகவும் நோகிறது."

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். மகளின் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவள் எழுந்து நின்று வலது அடிவயிற்றைத் தொட்டாள். பிறகு முதுகை, பிறகு தொடையின் உட்புறத்தை. வைத்தியர் கதிரையைத் தள்ளிவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.