மாவு கிரைண்டருக்காகக் கும்மிடிப்பூண்டி வரை

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். கடன் வசூல்காரர்களுக்கு அரசாங்கம் ஒருநாள் கடிவாளம் போடும் என்று சொன்னேன். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்காரர்களை நம்பி டிபன் கடை போட்டால் தேறாது என்று என் நண்பர் ஒருவரிடமும் சொன்னேன். இரண்டும் நடந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரிய பேங்க் அதிகாரி ஒருவர் நான் பேசப் பேசக் குறிப்பெடுத்துக்கொண்டார். அவர் பேனாவில் மை தீர்ந்து, என் பேனாவைத்தான் வாங்கி எழுதினார்.

போன புதன்கிழமை திருநின்றவூரிலிருந்து கும்மிடிப்பூண்டி போய்வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை. அந்த நண்பரின் மனைவி மல்லிகாவுக்குத் துணையாகப் போனேன். விவரம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் எளாவூரில் இருந்தபோது, ஐந்து பெண்கள் சேர்ந்த குழுவில் மல்லிகா பெயரில் ஒரு நுண்கடன் எடுத்தார்கள். பெயர்தான் மல்லிகாவுடையது. பணம் நண்பரின் டிபன் கடைக்குப் போனது. செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் நிற்பது குறைந்ததும் கடை படுத்துவிட்டது. குடும்பம் யாரிடமும் சொல்லாமல் திருநின்றவூருக்கு வந்துவிட்டது.

இப்போது மல்லிகா வீட்டில் மாவரைத்துப் புது அடுக்குமாடி வீடுகளுக்கு விற்கிறாள். பெரிய கிரைண்டர் வாங்க, ஆதிதிராவிடப் பெண்களுக்கு மானியத்தோடு தரும் அரசுக் கடன் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை பேங்க்கில் நேர்காணல். அதற்குள் பழைய கடன் முடிந்தது என்ற கடிதம் வேண்டும். கம்ப்யூட்டரில் இவள் பெயரில் நிலுவை என்று காட்டுகிறது. கடிதம் இல்லையென்றால் கிரைண்டரும் இல்லை. நண்பர் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அவருக்கு அந்த ஊரில் தலைகாட்ட முகமில்லை.

காலை 6.12 ரயில். டிக்கெட் ஆளுக்கு இருபது ரூபாய். பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். பிளாட்பாரம் மாறும் இடத்தில் ஓட வேண்டாம், வண்டி எப்படியும் தாமதமாகத்தான் வரும். மொத்தம் எழுபது கிலோமீட்டர் சொச்சம்.

"அண்ணா, அவங்க ஒத்துக்க மாட்டேன்னுட்டா?" என்று மல்லிகா கேட்டாள்.

"நான் பேசினால் கலெக்டரே எழுந்து நிற்பார்" என்றேன்.

"நீங்க பேசாம குந்திக்கினு இருந்தாலே போதும்."

8.45க்கு இறங்கினோம். சிப்காட்டுக்கு ஷிப்ட் மாறும் நேரம். வடநாட்டுப் பையன்கள் சாப்பாட்டு டப்பாவோடு கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடன் கம்பெனியின் அலுவலகம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை, ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. ஒன்பதரைக்குத் திறந்தார்கள். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"கடைசிப் பதினோரு வாரத் தவணையை மத்த நாலு பேரும் பிரிச்சுக் கட்டியிருக்காங்கக்கா. பணம் வந்துடுச்சு, ஆனா உங்க பேர்ல நிலுவைன்னு நிக்குது. குழுத் தலைவி லோன் கார்டோட நேர்ல வந்து ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டா இன்னிக்கே முடிச்சுடலாம். ஒரு மணிக்குள்ள வாங்க. அதுக்கப்புறம் மேனேஜர் பீல்டுக்குப் போய்டுவாரு."

மல்லிகாவின் முகம் செத்துவிட்டது. தலைவி ராணி எளாவூரில் இருக்கிறார். மல்லிகா சொல்லாமல் கிளம்பி வந்தது அவர் முகத்தில் கரி பூசியது போல.

எளாவூருக்கு ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது ரூபாய். நாலு பேர் சேராமல் எடுக்க மாட்டேன் என்றார் ஓட்டுநர். அவசரம் என்றேன். "அவசரம்னா டப்பு சேத்துக் குடு நைனா, பறந்துக்கினு போலாம்" என்றார். நாற்பது சேர்த்துக் கொடுத்தேன். பறக்கவில்லை.

ராணி நைட் ஷிப்ட் முடித்து வந்து, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாடி மல்லி. மூணு வருசமா வழி தெரியலையா?"

"வழி தெரிஞ்சுதுக்கா. மூஞ்சிதான் இல்ல."

"அந்த கலெக்சன் பையன் என் ஊட்டு வாசல்ல குந்திக்கினு, அஞ்சு பேர் துட்டும் வந்தாத்தான் எழுந்திருப்பேன்னுவான். பதினோரு வாரம் ஆளுக்கு நூத்தி நாப்பது கட்னோம். சரோஜா கம்மல அடகு வச்சா. போனதுதான், மீட்கவே இல்ல. எங்களுக்கு அடுத்த லோனும் நின்னுபோச்சு."

மல்லிகா பையிலிருந்து மாவு விற்ற பணம் இரண்டாயிரத்தை எடுத்து நீட்டினாள். மீதியை மாதாமாதம் தருவதாகச் சொன்னாள். ராணி எண்ணிப் பார்க்கவில்லை.

"முதல்ல சரோஜாவுக்குக் குடு. இது இருக்கட்டும், புதுக் கடன் யார் கைக்குப் போவும்?"

"யார் கைக்கும் போவாதுக்கா. பேங்க்கே கிரைண்டர் கடைக்குச் செக்கு குடுத்துடும்."

"அப்ப சரி. கிரைண்டரத் தின்னு ஏப்பம் உட முடியாது" என்ற ராணி என் பக்கம் திரும்பினார். "ஆம்பளைங்களுக்கு இன்னா? கடை போட்டா போர்டுல அவங்க பேரு. கடன்ல மட்டும் எங்க பேரு."

இதை ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. நாலு விஷயம் தெரிந்தவன் மாதிரி இருந்திருப்பேன். பதில் சொல்ல ஆயிரம் இருந்தும் மல்லிகா கேட்டுக்கொண்டபடி வாயைத் திறக்கவில்லை.

"நாஷ்டா துன்னியாடி?" என்று கேட்டு, மல்லிகா கையில் இரண்டு இட்லியை வைத்துவிட்டு, ராணி புடவை மாற்றப் போனார். 12.40க்கு மூன்று பேரும் மாடி ஏறினோம். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடிதம் கையில் வந்தது. மல்லிகா அதை நான்காக மடிக்கப் போனாள். ராணி பிடுங்கி, "மடிக்காதடி, நாளைக்கு பேங்க்காரன் பார்க்கணும்" என்று லோன் கார்டின் உறையிலேயே வைத்துக் கொடுத்தார். ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாடு தொண்ணூறு ரூபாய், ரசம் நன்றாக இருக்கும். ராணிக்கும் சேர்த்து நான்தான் கொடுத்தேன்.

திரும்பும் ரயிலில் நிறைய யோசித்தேன். இப்போது விதிகள் நல்லவைதான். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு பண்ணக் கூடாது. மிரட்டினால் கேஸ். இதெல்லாம் கம்பெனிக்கும் கடன் வாங்கியவளுக்கும் நடுவில் உள்ளது. பக்கத்து வீட்டுக்காரியின் தவணையைக் கட்டக் கம்மலை இழந்த சரோஜாவுக்கு எந்த விதியில் இடம் இருக்கிறது? என்னைக் கேட்டால் விண்ணப்பத்தில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்: இந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது? அதற்குப் பதில் எழுதாமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஆதார் நகல் இரண்டு எடுத்துப்போங்கள். லோன் கார்டு யாரிடம் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரியுங்கள். சில்லறை வேண்டும். குழுவில் உங்களுக்காகக் கட்டியவர்களை முதலில் பாருங்கள், அலுவலகத்துக்கு அப்புறம் போகலாம். நாங்கள் தலைகீழாகப் போய் ஒன்றரை மணி நேரம் வீணாக்கினோம். வியாழக்கிழமை பேங்க்கில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். கிரைண்டர் இரண்டு வாரத்தில் வரும் என்கிறார்கள்.

ரயில் நேரம், ஆட்டோ கூலி, சாப்பாட்டு விலை எல்லாம் சரியானவை, நம்பிப் போகலாம். என் பெருமைகளை நீங்களே கழித்துப் படித்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் நானே சொல்லிவிட வேண்டும். டிபன் கடை போட்ட நண்பர் என்று ஒருவர் இல்லை. மல்லிகா அன்று முழுவதும் என்னை ஒருதரம்கூட அண்ணா என்று கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது "இன்னாங்க" என்றுதான்.