வியாழக்கிழமை லீவு

பிச்சாட்டூர் துர்காதேவிக்கு ஆந்திராவின் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் உதிரிபாகங்கள் பூட்டும் வேலை. கர்ப்பமாகி ஆறாம் மாதத்தில் ஒரு காலை, வயிறு வலிக்கிறது என்று சூப்பர்வைசர் தனசேகரிடம் சொன்னாள். ஷிப்ட் முடியட்டும் என்றான் அவன். முடிவதற்குள் வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. உடம்பு தேறுமுன்பே வேலைக்குக் கூப்பிட்டார்கள். பால் கட்டிய மார்போடு நின்று வேலை பார்த்தாள். அடிக்கடி பாத்ரூம் போகிறாள் என்று எல்லார் முன்னாலும் தனசேகர் கேலி பேசினான்.

ஒருநாள் சாகத் துணிந்தாள். கணவன் குணா பார்த்துவிட்டு, திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். உயிர் தங்கியது.

"பொழைக்கணும்னு வர்றவங்களுக்கே பெட்டு இல்ல. சாவப் போனவளுக்கு ஒன்னு" என்றாள் ஊசி போட வந்த நர்ஸ். துர்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனநல டாக்டர் வெங்கடரமணன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் சாகத் தோன்றுகிறதா என்று தெலுங்கில் நேராகவே கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை, பெற்றவள்கூட. ஆமாம் என்றாள். பிள்ளையைப் பற்றிச் சொல்லச் சொன்னார், சொல்லி அழுதாள். மாத்திரை எழுதி, வியாழன்தோறும் வரச் சொன்னார்.

வேலைக்குத் திரும்பினால், கேன்டீனில் அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அவளோடு பழகினால் அந்தப் புத்தி தொற்றிக்கொள்ளும் என்று தனசேகர் சொல்லி வைத்திருந்தான். எச்.ஆர். நாகபூஷணத்திடம் போய் வியாழக்கிழமை லீவு கேட்டாள்.

"பைத்தியத்துக்கு வைத்தியமும் பாத்துக்கினு, இங்க வேலையும் பாப்பியா? ரெண்டுல ஒன்னு சொல்லும்மா."

வேலையைச் சொன்னாள். மாத்திரை தீர்ந்தது. பழைய எண்ணம் மெல்லத் திரும்பியது. பயந்துபோய் கம்பெனி மருத்துவ அறையில் அதைச் சொன்னாள். தலைவலி மாத்திரை கொடுத்து லைனுக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. யூனிபார்மோடு கேட்டைத் தாண்டித் திருப்பதிக்கு பஸ் ஏறினாள். டாக்டர் உடனே அட்மிட் செய்தார். உயிர் பிழைத்தது, வேலை போனது.

சில மாதம் கழித்து, அதே லைனில் இருந்த நந்திதா போன் செய்தாள். கேன்டீனில் இடம் மாறி உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி.

"அக்கா, அந்த டாக்டரு திட்டுவாரா?"

துர்காவுக்குப் புரிந்துவிட்டது.

"திட்ட மாட்டாரு. நீ தனியா இருக்காத, யாரையாச்சும் பக்கத்துல வெச்சிக்க. நான் வந்துக்கினே இருக்கேன்."

அன்றே திருப்பதிக்கு அழைத்துப் போனாள். மறுவாரம் நந்திதாவின் வேலையும் போனது. சொல்லாமல் லீவு எடுத்தாள் என்றார்கள்.