மூன்று குருவித் தோரணம்

தில்லை அண்ணை போய்விட்டார்.

இன்று காலை நான் டொரொன்டோவில் பனி வழித்துக்கொண்டு நிற்கும்போது அவருடைய மகள் ஊரிலிருந்து கோல் பண்ணினாள். "அப்பா நித்திரையிலேயே போட்டார் மாமா" என்றாள்.

என் பிள்ளைகளுக்கே தெரியாத கதை ஒன்று உண்டு. உங்கள் எல்லாருக்கும் கணக்குப் படிப்பித்த இந்த வாத்தி, எண்பத்தொன்பதில் பாராளுமன்றத் தேர்தலில் நின்றவன். சுயேச்சைக் குழு. சிரிக்காதீர்கள்.

தேர்தலில் நிற்பவர்கள் விலக வேண்டும், இல்லாவிட்டால் நடப்பது வேறு என்று மதில்களில் எழுதியிருந்த காலம். எழுதியது ஆர் என்று ஒருவரும் கேட்பதில்லை.

என்னை நம்பிக் கார் தர எவரும் இல்லை. தில்லை அண்ணைதான் தன் பழைய ஏ-ஃபோர்ட்டிக் காரோடு உடுவிலில் எங்கள் வீட்டுக் கேற்றடியில் வந்து நின்றார். வாடகைக்கு ஹயர் ஓடுகிற மனிசன். அரசியல் என்றால் கொட்டாவி விடுவார்.

முதல் நாளே என் மனைவி அவரிடம் போய், "அண்ணை, இவர் வெல்லத் தேவையில்லை. பின்னேரம் சுகமாக் கொண்டந்து சேர்த்துவிடுங்கோ, அது காணும்" என்றாள்.

"ஓம் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அதுதான் அவருடைய வேலை.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காரைத் திருப்பி, மூஞ்சி றோட்டைப் பார்க்க விட்டுத்தான் எஞ்சினை நிப்பாட்டுவார். முன் சீற்றில் என்னை இருக்கவிடமாட்டார். கண்ணாடியோரம் தலை வைத்தால் பேச்சு விழும்.

டிரைவரும் அவர்தான், லவுட்ஸ்பீக்கரில் கத்துவதும் அவர்தான். "உங்கள் வீட்டுப் பிள்ளை வருகிறார்!" என்பார். பிள்ளைக்கு அப்போதே உச்சியில் மயிர் இல்லை.

பிரசாரம் என்றால் பேச்சு என்று நினைப்பீர்கள். தேத்தண்ணிதான் பிரசாரம். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்றால் அந்த ஒழுங்கை முழுக்கக் கோபம். ஒருநாள் என் வயிறு ஊதிப்போய்க் கிடந்ததைப் பார்த்து, "மாஸ்ரருக்குச் சீனி வருத்தம், குடிக்கக் கூடாது" என்று அண்ணை ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

கதை எங்களுக்கு முன்னாலே ஊருக்குப் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து எல்லா வீட்டிலும் எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி! அண்ணைக்குப் பனங்கட்டியோடு. கடித்துக் கடித்துக் குடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்... படுபாவி மனிசன்.

ஆனால் இன்று காலையிலிருந்து மனதில் நிற்பது தென்மராட்சிப் பயணம்தான்.

ஒரு சின்னக் கிராமம். வாசிகசாலை முற்றத்தில் கூட்டம் வைக்கிறோம் என்று அவர்களாகவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒழுங்கை முகப்பில் குருத்தோலைத் தோரணம் கட்டியிருந்தது. எனக்கென்று ஒரு தோரணம்! நான் சால்வையைச் சரிபண்ணினேன்.

கார் சட்டென்று நின்றது.

"மாஸ்ரர், குருவியை எண்ணிப் பாருங்கோ."

எங்கள் பக்கத்தில் தோரண ஓலையை மடிக்கும்போது குருவி உருவம் வைத்து மடிப்போம். நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, செத்த வீட்டுக்கு மூன்று. எண்ணினேன். மூன்று. எல்லாத் தோரணத்திலும் மூன்று.

மதிலில் எழுதியதை இப்போது ஓலையில் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அண்ணை காரைத் திருப்பினார். எஞ்சினை நிப்பாட்டவில்லை.

"நான் போய்ப் பாத்திட்டு வாறன். உங்களுக்குக் கார் ஓடத் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை."

"அப்ப வெடிச் சத்தம் கேட்டால் வயலுக்குள்ளால ஓடுங்கோ. வீட்டை போய்ச் சேரவேணும், சொல்லிப்போட்டன்."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தனியே நடந்து போனார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். நான் பின் சீற்றிலேயே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மனிசனின் தோளில் கை போட்டபடி திரும்பி வந்தார். அந்த மனிசன் அழுதுகொண்டு வந்தான்.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. நான்தான் மடிச்சனான். இந்த ரண்டு வருசமா எங்கட ஊரில செத்த வீடுதானே... கை தன்ரை பாட்டில மூண்டு மடிச்சுப்போட்டுது. நீங்கள் நிக்கிறியள் எண்ட சந்தோசத்திலதான் ஐயா கட்டினது."

நான் காரை விட்டு இறங்கினேன்.

அண்ணைதான், "உதுக்கு ஏன் அழுறாய்? ஓலை மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டார்.

வாசிகசாலை முற்றத்தில் எல்லாரும் குந்தியிருந்து மடித்தோம். கூட்டமும் இல்லை, பேச்சும் இல்லை. "நாலு... நாலு..." என்று அண்ணை லவுட்ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்டுகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பொழுதுபடமுன் வீட்டுக்கு வந்தோம். வழமைபோல கேற்றடியில் கோர்ன் அடித்தார். மனைவி ஓடி வந்தாள். "இந்தா தங்கச்சி, சுகமாக் கொண்டந்திட்டன்" என்றார். தோரணக் கதையை இருவரும் அவளிடம் சொல்லவில்லை.

தேர்தலில் தோற்றேன். படுதோல்வி. "நல்லது மாஸ்ரர். வெண்டிருந்தால் கொழும்புக்கெல்லோ ஓடவேணும், என்ரை கார் தாங்காது" என்றார்.

இப்போதுதான் அண்ணையின் மகள் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். ஊரில் அவர்கள் வீட்டுக் கேற்... ஆட்கள்... குருத்தோலைத் தோரணம்.

பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். மூன்று.

இந்த முறை சரியாகத்தான் மடித்திருக்கிறார்கள், அண்ணை.

சுகமாய்ப் போய்ச் சேருங்கோ.