குளோரின் இல்லாத குளம்

கீழக்கரையில் என் தம்பி கட்டிய வீட்டின் நீச்சல் குளம் பச்சையாகிவிட்டது என்று துபாயிலிருந்து அவன் போன் செய்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் வேதியியலில் ஒரு கேள்வி கேட்கவில்லை. ராமநாதபுரத்தில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் முட்டி வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறேன் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

"லாத்தா, பூல் கட்டுனவன் மதுரையிலேர்ந்து வரணும். போனே எடுக்க மாட்டேங்குறான். நீங்கதான் கெமிஸ்ட்ரி டீச்சராச்சே, ஒரு எட்டுப் போய்ப் பாருங்களேன். பிள்ளைங்க இன்னும் மூணு வாரத்துல லீவுக்கு வாராங்க" என்றான். எங்கள் பக்கம் லாத்தா என்றால் அக்கா.

"அது வெறும் பாசி. நாலே நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றேன். தண்ணீரை நான் இன்னும் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஒரு நோட்டு, சிவப்புப் பேனா, மூக்குக் கண்ணாடி, நாலு மாற்றுச் சேலையோடு கீழக்கரைக்குப் போய் இறங்கினேன். குளம் வீட்டுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிய முற்றத்தில் இருந்தது. இருபது அடி நீளம், என் நெஞ்சளவு ஆழம். மாடியிலிருந்து பார்த்தால் நிஜக் கடல் தெரியும். அந்த ஊரில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆகவே என் தம்பி நல்ல தண்ணீரை லாரி லாரியாக வாங்கி, கடலுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியில் நிரப்பி வைத்திருந்தான். கோடையில் குறைகிற தண்ணீருக்குப் போர்த் தண்ணீரையே விட்டு ஈடுகட்டியிருந்தார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். திருப்புல்லாணிப் பக்கத்துக் கிராமத்துக்காரி, நாற்பது வயது இருக்கும். குளத்தை அவள் தொட்டி என்றுதான் சொல்வாள். என்னைப் பார்த்ததும், "தொட்டி கெட்டுப் போச்சு டீச்சரம்மா. பேசாமத் தொறந்து விட்டுட்டுப் புதுத் தண்ணி ரொப்பிரலாமா?" என்று கேட்டாள்.

"தண்ணி கெட்டுப் போகாதும்மா. அதுல எது கூட, எது குறைச்சல்னு கண்டுபிடிச்சா போதும்" என்றேன். முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்ற குரல் தானாக வந்துவிட்டது.

குளம் கட்டியவர்கள் ஒரு சின்னப் பெட்டியை விட்டுப் போயிருந்தார்கள். அதில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் குளத்துத் தண்ணீரை எடுத்து மாத்திரை போட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு ரோஜா நிறம் வரும். இன்னொன்றில் நாலு சொட்டு மருந்து விட்டால் அமிலமா காரமா என்று நிறத்தில் தெரியும். முதல் நாள் லேசான ரோஜா வந்தது. குளோரின் குறைவு. நான் நினைத்தபடியே. நோட்டில் தேதி போட்டு எழுதி, அடிக்கோடிட்டேன்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய் பிளீச்சிங் பவுடர் வாங்கி, வாளியில் கரைத்து, குளத்தைச் சுற்றி ஊற்றினேன். விடிந்து பார்த்தால் பச்சை போயிருந்தது. பதிலுக்குக் குளம் முழுக்க அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. குழாயில் எடுத்து மாத்திரை போட்டேன். நிறமே வரவில்லை. அடுத்த குழாயில் கத்தரிப்பூ நிறம் வந்தது. அப்படி ஒரு நிறம் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையிலேயே கிடையாது.

இங்கே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுத் தம்பிக்கு வீடியோ காலில் பாடம் எடுத்தேன்.

"நேத்துப் போட்ட குளோரின் பூராத்தையும் பாசியும் குப்பையும் தின்னுருச்சு. அதுங்க பசி அடங்குற வரைக்கும் போட்டுக்கிட்டே இருக்கணும். இன்னொன்னு, காரம் ஏறிக் கிடக்கு. அதுக்கு ஆசிட் விடணும்."

"நீங்க சொன்னாச் சரி லாத்தா" என்றான் அவன். என் வாழ்க்கையில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் முதல் நாளைப் போல இரண்டு பங்கு போட்டேன். நிறம் வரவில்லை. மூன்றாம் நாள் அதையும் விடக் கூடுதல். நிறம் வரவில்லை. பவுடரை இரவிலும் ஆசிட்டைப் பகலிலுமாகத் தனித்தனியே விட்டேன். இரண்டும் கலந்தால் ஆபத்து என்பதையாவது நினைவு வைத்திருந்தேனே என்று இப்போது ஆறுதல் சொல்லிக்கொள்கிறேன். நோட்டில் கட்டம் போட்டு வரைபடம் வரைந்தேன். போட்ட பவுடர் மலை மாதிரி ஏறியது. தண்ணீரில் இருக்கும் குளோரின் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

கடைக்காரர் நாலாம் நாள் மெதுவாகக் கேட்டார். "டீச்சர், உங்க தெருப்பக்கம் காலரா கீலரா வந்துருக்கா?"

வீட்டுக்குள் நுழைந்தால் மூக்கு எரிந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மருந்து நெடி தாங்க ஏலலை டீச்சரம்மா. கூடிப் போச்சோ?" என்றாள்.

அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. நெடி அடிப்பது குளோரின் போதாமல் இருப்பதற்கு அடையாளம் என்று முந்தின நாள்தான் செல்போனில் படித்திருந்தேன். சில குளங்களில் அது உண்மைதான். அதை அவளுக்கு விளக்கினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, சமையலறை ஜன்னலையும் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

இவ்வளவு மருந்தையும் எது தின்கிறது? சுற்றிலும் பார்த்தேன். அடுத்த வீட்டு வேப்பமரத்தின் ஒரு பெரிய கிளை எங்கள் சுவரைத் தாண்டி நீண்டிருந்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் இலையும் பழமுமாகக் குளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டது. உடனே அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு என் வயதுதான். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் சவூதியில் இருக்கிறார்கள். இரண்டு ஆடு வளர்க்கிறார். ஸலாம் சொல்லி உட்கார்ந்து, கரிமப் பொருள், ஆக்ஸிஜனேற்றம் என்றெல்லாம் கால் மணி நேரம் பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிளையை வெட்டணும், அதானே டீச்சர்?" என்றார்.

"ஆமா."

"அது நிழல்லதான் ஆடு கட்டுவேன். சரி, நீங்க படிச்சவங்க, காரணமில்லாமச் சொல்ல மாட்டீங்க."

அன்று மத்தியானமே ஆள் வந்து கிளையை வெட்டினான். மறுநாள் மாத்திரை போட்டேன். நிறம் வரவில்லை.

ஆறாம் நாள் குளத்தில் இறங்கும் இரும்பு ஏணியில் இருந்து துருக் கறை கண்ணீர் மாதிரி வழிந்திருந்தது. பெட்டி போலியாக இருக்கும் என்று முடிவு செய்து, பூல் கட்டியவனைத் திட்டி நோட்டில் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து எதிரில் நின்றாள். மயில்கழுத்து நிறச் சேலை கட்டியிருந்தாள். அதன் கீழ்ப் பாதி, கரையிலிருந்து முழங்கால் வரை, வெந்த மரவள்ளிக்கிழங்கு நிறத்தில் இருந்தது.

"என்னம்மா இது?"

"உப்புத் தண்ணியில தொடைச்சா தரை வெள்ளை பூத்துப் போகுது. அதான் தொட்டித் தண்ணியை மோந்து தொடைச்சேன். மேல தெறிச்ச எடமெல்லாம் இப்படிப் போச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இதுல மருந்தே இல்லைன்னுதான டீச்சரம்மா தெனமும் எழுதுறீங்க?"

நான் சேலையைப் பார்த்தேன். நோட்டுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன்.

ஒவ்வொரு வருடமும் பதினொன்றாம் வகுப்பில் நான் ஒரு சோதனை செய்து காட்டுவேன். குளோரின் வாயு பிடித்த ஜாடிக்குள் ஈரமான செம்பருத்தி இதழைப் போடுவேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதழ் வெளுத்துப் போகும். "குளோரின் என்ன பண்ணும்?" என்று கேட்பேன். "நிறத்தை நீக்கும் டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். சொல்லாதவர்களை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன்.

மாத்திரை கொடுக்கும் ரோஜா நிறமும் நிறம்தான். குளோரின் அளவாக இருந்தால் அது தெரியும். அளவு மீறி இருந்தால் வந்த நிறத்தைக் குளோரினே வெளுக்க வைத்துவிடும். குழாயில் நிறம் வராதது குளோரின் இல்லாததால் அல்ல, சோதிக்கிற மருந்தையே தின்னும் அளவுக்கு அது இருந்ததால். கத்தரிப்பூ நிறமும் அதே குளோரின் செய்த வேலைதான். அதைக் காரம் என்று நம்பி நான் விட்ட ஆசிட்தான் ஏணியை அரித்தது. வேப்பிலை பாவம், ஒன்றும் செய்யவில்லை.

குடிக்கிற கேன் தண்ணீர் ஒன்பது பங்கு, குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, அந்தக் கலவையில் மாத்திரை போட்டேன். போட்ட மாத்திரத்தில் ரத்தச் சிவப்பாக வந்தது.

"வந்துருச்சே டீச்சரம்மா!" என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

"வந்துருச்சும்மா" என்றேன். எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அதே மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். நான் ஊருக்குத் திரும்பும் வரை அவள் அதைக் கட்டவே இல்லை. "நீங்க போனப்புறம் கட்டிக்கிறேன்" என்றாள்.

சரிசெய்ய வழி எளிது, எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஒன்றும் போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெயில் பட்டால் அந்தக் குளோரின் தானே குறையும். கீழக்கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கிளையை வெட்டியதால் குளத்தின் அந்தப் பக்கமும் நன்றாகவே வெயில் விழுந்தது. இதற்காகத்தான் வெட்டச் சொன்னேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

காலையும் மாலையும் சோதித்தேன். அதிலிருந்து நாலாம் நாள் கலக்காத தண்ணீரிலேயே நிறம் நின்றது. ஆறாம் நாள் இளம் ரோஜா. அப்போதுதான் அடுத்த குழாய் உண்மையைச் சொன்னது: மஞ்சள், அதாவது அமிலம். நான் விட்ட ஆசிட் பூராவும் தண்ணீரில் இருந்தது. ஆப்பச் சோடா பொட்டலம் பொட்டலமாக வாங்கினேன். "ஆப்பக் கடை போடப் போறீங்களா டீச்சர்?" என்றார் கடைக்காரர். இந்த முறை கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, ஒரு நாள் காத்திருந்து, சோதித்துவிட்டே அடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். அடியில் படிந்த வெள்ளை வண்டலை நானும் அந்தப் பெண்ணும் குழாய் போட்டு உறிஞ்சி வெளியே விட்டோம். ஏணியின் கறை மட்டும் போகவில்லை.

தம்பி குடும்பம் வந்து இறங்கியபோது அடியில் பதித்த நீலக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பிள்ளைகள் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் குதித்தார்கள். இரவு சாப்பாட்டில் தம்பி, விருந்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம், "எங்க லாத்தா இருக்கும்போது மதுரைக்காரன் எதுக்கு?" என்றான். ஒரு வாய்ச் சோற்றை மென்று விழுங்கினேன். பிறகு சேலை முதல் கிளை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தம்பி மனைவி மட்டும் சிரிக்காமல், "லாத்தா, இப்ப பிள்ளைங்க இறங்கலாம்ல?" என்று கேட்டாள். எழுந்து போய் டார்ச் வெளிச்சத்தில் இன்னொரு முறை சோதித்து, குழாயைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன்.

மறுநாள் காலை அடுத்த வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கரிமப் பொருள் எதுவும் பேச்சில் வரவில்லை. "தப்பு என்னோடது. கிளை மேல ஒண்ணும் இல்லை. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "அப்ப ஆட்டை எங்கன கட்டுறது டீச்சர்?"

வீட்டுக்கு வந்து தம்பியிடம் கேட்டேன். அவன் காரைத் தெருவில் நிறுத்திக்கொள்ள ஒத்துக்கொண்டான். அன்று மத்தியானத்திலிருந்து இரண்டு ஆடுகளும் எங்கள் கார் ஷெட்டில் படுத்திருந்தன.