கூரைமேல் தொட்டி

பொழிச்சலூர் துளசிங்கம் சட்டைப் பையில் டேப் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். திருமுடிவாக்கத்தில் அவருடைய பட்டறையில் செய்த கேட்டோ ஜன்னல் கம்பியோ ஒரு நூல் பிசகியதில்லை. ஊரில் அவருக்கு ‘அளவுக்காரர்’ என்றே பெயர். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் கையால் செய்த வேனைத் தன் கையால் போட்ட கம்பியிலேயே கொண்டுபோய் மாட்டினார்.

அது வீடு மாதிரியான வேன். இரண்டாயிரத்து ஆறில் ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, கடைசியில் கதவு போட்ட சின்ன கக்கூஸ் எல்லாம் வைத்திருந்தார். எல்லாம் மனைவி கிளியம்மாளுக்காக. அவளுக்குச் சர்க்கரை, அடிக்கடி எழுந்து போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் போனால் வழியில் எங்கே ஒதுங்குவது என்று பயந்தே, கோவளத்திலிருந்த பிறந்த வீட்டுக்கு வருஷக்கணக்காகப் போகாமல் இருந்தாள். கேட்பவர்களிடம் முட்டிவலி என்பாள். “அங்காளம்மாகிட்டகூட சொல்லிடாதீங்க” என்று தங்கைக்கும் சேர்த்து அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கோவளத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான், “பக்கெட் தண்ணி வண்டி ஆடுனா கொட்டிடும். ஒரு குழாய் இருந்தா தேவலைங்க” என்றாள். சாயங்காலமே கூரைமேல் கருப்புத் தொட்டி ஏறியது. வேனின் உயரத்தை அவர் அளந்து பார்த்தது அதற்கு முன்பு.

காலையில் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டார்கள். கிளியம்மாள் படுக்கையில் காலை மடித்து உட்கார்ந்து, மடியில் வைத்து இட்லி சாப்பிட்டாள். ஒருமுறை பின்னால் போய்விட்டு வந்து, “வூட்ல கூட தண்ணி இவ்ளோ ஜோரா வராது” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

ரயில் பாதைக்கு அடியில் போகும் சப்வேயின் வாசலில், உயரமான வண்டிகளைத் தடுக்க ஒரு குறுக்குக் கம்பி உண்டு. வேன் அதில் டமாரென்று மாட்டி நின்றது.

“இன்னா பெருசு, வூட்டையே தூக்கினு கெளம்பிட்டியா?” என்றார் பின்னால் வந்த ஆட்டோக்காரர்.

எதிர்ப்பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த தேவானந்தம் ஓடிவந்தார். “துளசிண்ணா, இது நீங்க போட்ட கம்பியாச்சே! அளவுக்காரரே அளவு தப்பிட்டா எப்படிண்ணா?”

கூட்டம் சிரித்தது. துளசிங்கத்துக்குக் காது இரண்டும் பற்றிக்கொண்டன.

“என் அளவு தப்பாதுப்பா. எல்லாம் இவளால வந்தது. மகாராணிக்கு அரை மணிக்கு ஒருதரம் ஒண்ணுக்கு வருது. அதுக்குத்தான் மேல தொட்டி.”

“அப்ப ஒரு தொட்டி பத்தாதே, யம்மா!” என்றார் ஆட்டோக்காரர்.

பழைய புடவையில் தானே தைத்த ஜன்னல் திரையை கிளியம்மாள் மெதுவாக இழுத்து மூடினாள்.

தொட்டியைக் காலி செய்து, டயர்களில் காற்றை இறக்கி, வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக் கீழ்க்கட்டளைக்குப் போய் காற்றடித்தார்கள். துளசிங்கம் அங்கேயே ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்தார்.

“உள்ள வைக்கட்டுமா?”

“வேணாங்க.”

கோவளத்தில் சுடச்சுட மீன் குழம்பு. கிளியம்மாள் நன்றாகத்தான் சாப்பிட்டாள். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை. அங்காளம்மா வேனுக்குள் ஏறி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். “அட, கக்கூஸ்கூட கீது! யாருக்கு மாமா இது?”

கிளியம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத்தாம்மா. இப்பல்லாம் அடக்க முடியல” என்றார் துளசிங்கம்.

“இந்த வயசுலயேவா!” அங்காளம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். துளசிங்கமும் சிரித்துவைத்தார். கிளியம்மாள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில், “அந்த பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க” என்றாள். கக்கூஸ் கதவு அவள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் இறங்கிப்போய் அங்கிருந்த கக்கூஸுக்குச் சாவி கேட்டு வாங்கிவந்தார். அவள் போய்விட்டு வரும்வரை வெளியே நின்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் சொன்னாள்: “உங்களுக்குன்னு அங்காளம்மாகிட்ட சொன்னீங்களே, அதையே காலைலயும் சொல்லியிருக்கலாம் இல்லீங்க?”

அதற்குப் பிறகு அவள் அந்த வேனில் ஏறவில்லை. கோவளத்துக்கும் போகவில்லை. இப்போது அவளும் இல்லை. வேன் பட்டறைக்குப் பின்னால் நிற்கிறது. விலை கேட்டு வருபவர்கள் அண்ணாந்து பார்த்து, மேலே தொட்டி எதற்கு என்கிறார்கள்.

“எனக்குத்தான்” என்கிறார் துளசிங்கம்.