சுருக்கம் நீவும் கை

தி.நகர் துணிக்கடையில் பதினெட்டு வருடமாகச் சேலை பிரித்துப் போடுகிறவள் நான். நாற்பத்திரண்டு வயதில், அபிராமபுரத்தில், கூரையிலிருந்து தொங்கவிட்ட நீளத் துணியைப் பிடித்து அந்தரத்தில் வித்தை காட்டும் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பட்டுத்துணி என்றார்கள், தொட்டதுமே நைலான் என்று தெரிந்துவிட்டது.

ஒற்றைக் கையால் பத்து எண்ணும்வரை தொங்கினால்தான் பயிற்சி முடிவில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மேடையேறும் நிகழ்ச்சியில் இடம். வலது கை நன்றாகத் தாங்கியது. ஆனால் நாலு எண்ணுவதற்குள் இடது கை தானாகத் துணிக்கு வந்துவிடும். பயத்தில் பிடிக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். ஆள் தேர்ந்தெடுக்கும் கடைசி நாள், சொல்லித்தரும் பட்டினப்பாக்கத்துப் பெண் ரோஸி உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாக்கா, நீ எங்க புடிக்கிற? சுருக்கத்த நீவிக்கினு கீற."

உண்மைதான். என் விரல்கள் துணியை நீவிக்கொண்டிருந்தன.

"இங்க கஸ்டமர் யாரும் இல்லக்கா. அந்தக் கைக்கு லீவு குடு."

மறுபடி தொங்கினேன். துணியின் சுருக்கத்தை அப்படியே விட்டுவிட்டு இடது கையை நீட்டினேன். உடம்பு மெல்லச் சுழன்றது. கூடப் பயிலும் எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். பத்து தாண்டியும் எனக்கு இறங்க மனமில்லை.

"போதும், எறங்குக்கா. ஞாயித்துக்கிழம நீயும் உண்டு," என்றாள் ரோஸி.

மறுநாள் கடையில் அதே கை சேலையை நீவியது. பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அதற்கும் சும்மா இருக்கத் தெரியும் என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிற்று.