கரண்டியை அளந்தவர்கள்

வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை. சென்னையில் விமானம் ஏறி, கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் யாழ்ப்பாணத்துப் பலாலி வந்துவிட்டது. திருச்சியில் என் வீட்டிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. வெளியே வந்ததும் ஓர் ஆட்டோ கிடைத்தது. யாழ்ப்பாண நகரத்துக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர், மூவாயிரம் ரூபாய். பேரம் பேசிப் பார்த்தேன். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். பேரம் அதோடு முடிந்தது.

"எவடம் அக்கா? கோயிலுக்கோ, கலியாண வீட்டுக்கோ?"

"குருநகர்ப் பக்கம் ஒரு விடுதி. ஆராய்ச்சி மாநாட்டுக்கு வந்திருக்கேன்."

"என்னத்தை ஆராயப் போறியள்?"

நிகழ்ச்சி நிரலை எடுத்து வாசித்தேன். காந்தப் பொருள்கள், வெங்காய அழுகல், சமயக் கல்வி.

"காந்தமும் சமயமும் ஒரே மாநாட்டிலையோ?"

"ஒரே அறையில."

அவர் கொஞ்சத் தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். "அப்ப மத்தியானச் சாப்பாடு நல்லாத் தருவினம்" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் திருச்சியில் ஒரு சிறிய தமிழ் ஆய்விதழுக்கு ஆசிரியர். இங்கே மாநாட்டில் பெரும்பாலான கட்டுரைகள் ஆங்கிலத்தில். தமிழில் வாசிக்க விரும்புகிறவர்கள் எந்தத் துறையாக இருந்தாலும் அவர்களுக்கு நான்காம் அறை. அந்த அறைக்குத் தலைமை தாங்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நேரம் முடிந்ததும் மணி அடிப்பது என் வேலை.

புன்னாலைக்கட்டுவன் தாண்டியதும் இருபுறமும் செம்மண். வெங்காயம், மரவள்ளி, வாழை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கிணறு. காவிரிக்கரையில் பிறந்த எனக்கு, ஆறே இல்லாத ஊரில் இவ்வளவு பச்சையைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

வெள்ளி, மாலை நான்கரை. விடுதியின் முன் வராந்தாவில் இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவள் தாரணி, இயற்பியல் விரிவுரையாளர், முப்பது வயதுக்குள். எங்கள் இதழில் எழுதுகிறவள் என்பதால் போனில் பழக்கம். நெல்லியடியிலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கையில் அம்மா செய்து கொடுத்த பயித்தம் பணியாரம். நான் அவளை வரவேற்றேனா பணியாரத்தை வரவேற்றேனா என்று அவள் இன்னும் கேலி செய்கிறாள்.

அடுத்து வந்தவர் அமலதாஸ் மாஸ்டர். நாற்பதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இளவாலையில் தோட்டக் குடும்பம். பத்து வருடமாகக் குருநகர்த் தேவாலயப் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கான வேதபாட வகுப்பு, எடுக்கிறார். மீனவக் குடும்பங்களில் பையன்கள் பதினான்கு வயதில் அந்த வகுப்பை விட்டு நின்றுவிடுகிறார்கள். ஏன் என்பதுதான் அவருடைய எம்.ஃபில். பட்ட ஆய்வு.

"அக்கா, பெற்றார் எல்லாரும் ஒரே கருத்து. ஒருத்தரும் மாறிச் சொல்லேல்லை" என்று பூரிப்போடு, பதில் எழுதிய தாள்களைக் கட்டாக என் மடியில் வைத்தார்.

இருபது வருடமாக ஆய்வுக் கட்டுரை திருத்துகிறவள் நான். பத்துப் பேர் ஒரே மாதிரிச் சொன்னார்கள் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். பிள்ளையை ஏன் மறைக்கல்விக்கு அனுப்புகிறீர்கள் என்பது கேள்வி. முதல் தாளில் இருந்த பதில்: 'விசுவாசத்தில் வேரூன்றி, அன்பில் வளர்ந்து, ஊருக்கு ஒளியாக வாழ்வதற்காக.' இரண்டாம் தாளிலும் அதே. மூன்றிலும் அதே.

"இதெல்லாம் ஒரே ஆள் எழுதினதா மாஸ்டர்?"

"சீச்சீ! நான் வீடு வீடாப் போய்க் குடுத்தனான். அவையவை தங்கடை கையாலை எழுதினது."

"அப்புறம் எப்படி வார்த்தை மாறாம வரும்?"

"அது பெற்றார் தினத்திலை எல்லாரும் எழும்பி நிண்டு சொல்லுற வசனம் அக்கா. நான்தான் சொல்லிக் குடுத்து..." என்று சிரித்துக்கொண்டே தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார். சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் முகத்தில் கிடந்தது.

வேதபாடம் சொல்லித் தருகிறவர் கேள்வித்தாளோடு வாசலில் வந்து நிற்கிறார். அந்த ஊர்த் தாய்மார் வேறு என்ன செய்வார்கள்? சோதனை என்று நினைத்து, பாடமாக்கிய பதிலைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அவரே பாடமாக்க வைத்த பதில்.

தாரணி பணியாரத்தைக் கீழே வைத்தாள். "மாஸ்டர், கோவியாதேங்கோ. எனக்கும் உப்பிடி ஒண்டு நடந்தது" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆராய்ச்சியின் முதல் வருடம் அவள் ஒரு துத்தநாக ஆக்சைடுத் தூள் தயாரித்திருக்கிறாள். காந்த சக்தி இருக்கவே கூடாத தூள். அளந்து பார்த்தால் இருக்கிறது! பெரிய கண்டுபிடிப்பு என்று ஆய்வுகூடமே துள்ளியது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். பிறகு பார்த்தால், தூளை அள்ளிப் போட்டது உருக்குக் கரண்டி. அதிலிருந்து உரசி விழுந்த இரும்பு, கண்ணுக்கே தெரியாத அளவு. பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளினால் காந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நாலு மாசமா நான் தூளை அளக்கேல்லை, மாஸ்டர். கரண்டியைத்தான் அளந்திருக்கிறன்."

"பிறகு என்ன செய்தனீங்கள்?"

"அழுதனான். பிறகு பிழை எண்டு எல்லாருக்கும் சொன்னனான்."

மாஸ்டர் தாள்களை அடுக்கினார். விளிம்பு சரியாக வரும்வரை தட்டித் தட்டி அடுக்கினார். "எனக்கு ரெண்டு தரம் தவணை நீட்டித் தந்திட்டினம், அக்கா. நாளைக்கு வாசிக்காட்டில் ஆய்வு அவ்வளவுதான். எங்கடை சனம் வேறை வான் பிடிச்சுக் கேக்க வருகுது." தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

எனக்குச் சீ என்றாகிவிட்டது. வந்த இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மணி அடிக்கத்தானே கூப்பிட்டார்கள். தாரணிதான் சொன்னாள்: "நீங்கள் சொல்லாட்டியும் ஆரேன் சொல்லுவினம் அக்கா. சொல்லாமலே விட்டா அது இன்னும் மோசம்."

சனிக்கிழமை, காலை ஒன்பது. நான்காம் அறை மாடியில் கடைசி. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை. மற்ற அறைகளில் கூட்டம். எங்கள் அறையில் மதிப்பீட்டுக்கு வந்த பேராசிரியர் ஒருவரும் வாசிக்க வந்த நான்கைந்து பேரும்தான். ஒன்பதரைக்குக் குருநகரிலிருந்து வேன் வந்தது. பூசைக்குப் போவது போலச் சேலை உடுத்தித் தலை வாரிய தாய்மார் அறையை நிறைத்துவிட்டார்கள். மாஸ்டர் அவர்களுக்கும் பின்னால் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. வந்துவிட்டாரே என்று எனக்குப் பாதி உயிர் வந்தது.

முதலில் தாரணி. இப்போது அவள் செய்வது எண்ணெயைப் பிடித்து இழுக்கும் காந்தத் தூள். கண்ணாடிக் குடுவையில் கறுத்த எண்ணெய் மிதக்கும் தண்ணீர். தூளைத் தூவினாள், பிளாஸ்டிக் கரண்டியால்தான். வெளிப்பக்கம் காந்தத்தை வைத்ததும் எண்ணெய் மொத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கியது. தாய்மார் கைதட்டினார்கள். பேராசிரியர் நிகழ்ச்சி நிரலிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

ஓர் அம்மா கை தூக்கினார். "பிள்ளை, வள்ளத்துக்குள்ளை நிக்கிற தண்ணியிலை இஞ்சின் எண்ணெய் கலந்து கிடக்கும். உது அதையும் இழுக்குமோ?"

"இழுக்கும் எண்டுதான் நினைக்கிறன், அம்மா. இன்னும் உப்புத் தண்ணியிலை செய்து பாக்கேல்லை."

"அப்ப எங்கடை வள்ளத்திலை வந்து செய்து பாருங்கோவன்."

அடுத்தது மாஸ்டர். முன்னால் வந்து, தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நான் பெற்றாரிட்டைக் கேள்வி கேட்டனான். அவை நான் பாடமாக்கின பதிலை எனக்கே திருப்பித் தந்தவை. தாரணி ரீச்சர் கரண்டியை அளந்த மாதிரி, நான் என்ரை குரலைத்தான் அளந்திருக்கிறன். இதை வாசிக்க எனக்கு மனம் வரேல்லை."

"அப்ப உங்கடை ஆய்வின்ரை முடிவு என்ன?" என்று பேராசிரியர் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை.

"முடிவு இல்லை, சேர்."

தாய்மாருக்குள் சலசலப்பு. ஒருவர் பயந்த குரலில், "மாஸ்டர், நாங்கள் பிழையாச் சொல்லிப்போட்டமோ?" என்றார்.

"இல்லையம்மா, நீங்கள் சரியாச் சொன்னியள். கேட்டவிதம்தான் பிழை."

அப்போது நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஸ்ரெல்லா என்று பெயர் சொன்னாள். கரையில் மீன் விற்கிறவளாம். "அப்ப இப்ப கேளுங்கோவன், மாஸ்டர். பேப்பர் இல்லாமல் கேளுங்கோ."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். மணியை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். அவர் கேட்டார்: "பிள்ளையை ஏன் மறைக்கல்விக்கு அனுப்புறியள்?"

"நான் இப்ப அனுப்புறேல்லையே. நிரோஜன் நிண்டு ஒரு வருசமாகுது. பேப்பரிலை அனுப்புறன் எண்டுதான் எழுதினனான். மாஸ்டர் கேட்டா வேறை என்னத்தை எழுதுறது?"

"ஏன் நிண்டவன்?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "தகப்பன் கடலிலை போன பிறகு அவன் உங்களிட்டை ஒண்டு கேட்டவன். 'அண்டிரவு முழுக்க நான் செபமாலை சொல்லிக்கொண்டுதானே இருந்தனான், பிறகேன் அப்பா வரேல்லை' எண்டு. நீங்கள் புத்தகத்திலை ஒரு பக்கத்தைக் காட்டி, படிச்சுக்கொண்டு வா எண்டனீங்கள். நீங்கள் காட்டினதிலை ஒரு பிழையும் இல்லை, மாஸ்டர். அவன் அதைப் படிச்சவன். முழுக்கப் பாடமாக்கினவன். அதுக்குப் பிறகுதான் வரேல்லை."

அடக் கடவுளே என்று என் வாய்விட்டே வந்துவிட்டது. மாஸ்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தப் பையனும் அந்தக் கேள்வியும் ஞாபகம் வந்துவிட்டன என்று முகத்தில் தெரிந்தது.

அவருக்குக் கொடுத்த நேரம் முடிந்திருந்தது. அடுத்து வாசிக்க வேண்டியவர் வெங்காய அழுகலை ஆராயும் சாவகச்சேரித் தம்பி. நான் அவரைப் பார்த்தேன். "என்ரை வெங்காயம் ஏற்கெனவே அழுகினதுதானே, அக்கா. மத்தியானத்துக்குப் பிறகு வாசிக்கிறன். அவை கதைக்கட்டும்" என்றார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். தன் மகள் கூட்டாளிகளுக்காகத்தான் போகிறாள் என்றார் ஒருவர். அனுப்பாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி கதை கட்டுவாள் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரி அங்கேயே இருந்ததால் பெரிய சிரிப்பு. இரவு கடல் தொழிலுக்குப் போய் வந்த பிள்ளை வகுப்பில் தூங்கினால் மற்றவர்கள் கேலி செய்கிறார்கள், அதனால் நின்றான் என்றார் ஒருவர். மாஸ்டர் எதையும் எழுதவில்லை. நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடு, ஆட்டோக்காரர் சொன்னபடி, நன்றாகவே இருந்தது. இறால் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும். பேராசிரியர் என்னிடம் வந்து, வாசிக்காத கட்டுரைக்குத் தான் ஒப்பம் வைக்க முடியாது என்றார். தவணை நீட்டிப்பதும் தன் கையில் இல்லையாம். ஆனால் இன்று கேட்டதை எழுதி, மூன்றாம் முறையும் தவணை கேட்டு விண்ணப்பிக்க மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறாராம். கிடைக்குமா என்று தாரணியிடம் கேட்டேன். "தெரியாது அக்கா. பெரும்பாலும் குடுக்கமாட்டினம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை. பதினொரு மணிக்கு ஆட்டோ வரும். பெட்டியைக் கட்டும்போது என் மேசை ஞாபகம் வந்தது. திருச்சியில் அதன்மேல் குவிந்து கிடக்கும் கட்டுரைகள் எல்லாவற்றிலும் முடிவுரை இருக்கிறது. 'முடிவு இல்லை' என்று ஒருவராவது இதுவரை எழுதி அனுப்பியதில்லை. அனுப்பியிருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன். மாஸ்டருக்குப் பட்டம் கிடைக்காமல் போனால் அதில் என் வாய்க்கும் பங்கு உண்டே என்று மனம் அடித்துக்கொண்டது. அறைக்குள் இருக்கப் பிடிக்காமல் கரைப்பக்கம் நடந்தேன்.

குருநகரில் ஞாயிறு தொழில் இல்லை. வள்ளங்கள் எல்லாம் கரையோரத் தண்ணீரில் கட்டிக் கிடந்தன. பூசை முடிந்து பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் மாஸ்டர் வகுப்பில் இருக்க வேண்டிய நேரம். அவர் அங்கே இல்லை. ஒரு வள்ளத்தின் விளிம்பில், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, காற்சட்டை முழங்கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்தார். வள்ளத்தின் நடுப்பலகையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஸ்ரெல்லாவின் சாயல் அப்படியே இருந்தது.

நான் மதிலோரமாக நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்பது பழக்கமில்லை என்று சொன்னால் பொய். தண்ணீர் வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மாஸ்டர் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். கடைசியில் பையன்தான் வாய் திறந்தான்.

"சேர், உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது" என்றார் மாஸ்டர்.

பையன் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு பலகையில் தள்ளி உட்கார்ந்தான்.

"அப்ப உந்த விளிம்பிலை இருக்காதேங்கோ, சேர். இஞ்சாலை வாங்கோ."